வீட்டுக்குள்ளும் குறைந்த புகை

ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் 26 முதல் மதுக்கடை, உணவகம், அலுவலகம் என்று அடைபட்ட பொது இடங்களில் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அப்போது பலருக்கு ஒரு பயம். வெளியே தடுத்தால் வீட்டில் உட்கார்ந்து பிடிப்பார்களே, புகை பிள்ளைகள் தலையில்தானே விடியும்?

நியாயமான பயம்தான். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இழுப்பு வந்து பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் இடையே சதை உள்வாங்கும், நெஞ்சில் விசில் கேட்கும், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாது. குழந்தைகளின் மூச்சுக்குழல் குறுகலானது. பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவதால் புகையும் அவர்களுக்குள் கூடுதலாகப் போகிறது.

ஆனால் நடந்தது வேறு. பதினோரு வயதையொட்டிய பள்ளிப் பிள்ளைகளின் எச்சிலைச் சோதித்தார்கள். நிகோடின் உடம்பில் மாறி உண்டாகும் கோட்டினின் என்ற பொருள் சட்டத்துக்குப் பிறகு 39 சதவீதம் குறைந்திருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஜில் பெல் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 15 வயதுக்குட்பட்டவர்கள் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்வது தடைக்கு முன் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது என்றும், தடைக்குப் பின் ஆண்டுக்குச் சுமார் 18 சதவீதம் இறங்கியது என்றும் தெரிந்தது. மதுக்கடைக்குள் காலே வைக்காத மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடமும் இதே இறக்கம்! சட்டம் அத்தோடு நிற்கவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் இருக்கும் காருக்குள் புகைப்பதும் 2016 டிசம்பரிலிருந்து அங்கே குற்றம்.