அயல் நிறம்



சித்திரம் பயிலத் தொடங்குவோர் சிவப்பு, மஞ்சள், நீலம் கலந்து பிற நிறங்களை ஆக்குவதை இரண்டொரு நாளிற் கற்றுவிடுவர். அதைப்பற்றி நான் நீட்டப் போவதில்லை. ஒரு நிறம் தன் அயல் நிறத்தால் மாறித் தோன்றுவதுதான் பலரையும் ஏமாற்றுவது.

பாரிஸ் மாநகரிலே கொபலின் என்னும் திரைச்சீலை நெசவுச்சாலை உண்டு. 1824ஆம் ஆண்டில் அதன் சாயப்பகுதிக்குப் பொறுப்பாளராக வந்தவர் ஷெவ்ரூல் என்ற இரசாயன அறிஞர். நீலத்துக்கு நிழலாக இடும் கறுப்பு நூல் வலுவற்றிருக்கிறது என்று அவரிடம் முறையிட்டனர். பிறவிடத்துக் கறுப்பு நூல்களுடன் அவர் ஒப்பிட்டார், சாயத்திற் குற்றமில்லை. நீலத்தைப் பார்க்கும் கண், அதற்கு எதிரான செம்மஞ்சட் சாயலை அருகிலுள்ள கறுப்பின்மேல் ஏற்றிவிடுகிறது. கறுப்பு வெளிறித் தோன்றுகிறது. இதனை விரித்து 1839இல் ஒரு பெருநூலே எழுதினார்.

நான் மாணாக்கனாயிருந்தபோது, பச்சை வயலின்மேல் சாம்பல்நிற வானம் தீட்டினேன். அது செம்மை பாரித்து நின்றது. தூரிகையையும் சாயத்தையும் பழித்து மூன்று முறை கழுவினேன். தாள் கிழிந்ததே மிச்சம். வயலை ஒரு கணமும் ஐயுறவில்லை!

வீட்டிலே செய்து பாருங்கள். ஒரே சாம்பல்நிறத் தாளில் இரு துண்டுகள் வெட்டி, ஒன்றைச் சிவப்புத் தாளிலும் மற்றதைப் பச்சைத் தாளிலும் வையுங்கள். முன்னதிற் பசுமையும் பின்னதிற் செம்மையும் படரும். மேலே மெல்லிய வெண்தாள் ஒன்றை விரித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.