மடல் யாருக்கு?

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நம் சங்கம் ஒரு செய்தி மடல் தொடங்கப் போகிறது, அதைப் பற்றி நாலு வார்த்தை பேசு என்று செயலாளர் அண்ணன் சொன்னார். நான் எழுத்தாளன் இல்லை. மெக்கானிக்கல் படித்தவன். சொந்த ஊர் காவேரிப்பட்டினம், வேலை ஓசூர் சிப்காட்டில். ஆனால் ஒரு மடலை நடத்தித் தோற்றுப்போன அனுபவம் எனக்கு உண்டு. அந்தத் தகுதியில்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் மாதப் பத்திரிகை ஆரம்பித்து என்னை ஆசிரியராகப் போட்டார்கள். எட்டுப் பக்கம், வழவழப்பான தாள், எல்லாம் இங்கிலீஷ். முதல் பக்கத்தில் பெரிய அதிகாரி படம், உள்ளே உற்பத்திக் கணக்கு, கடைசியில் பொன்மொழி. முதல் இதழ் வந்த அன்று மதியம் கேன்டீன் போனேன். மேசைக்கு மேசை என் பத்திரிகை இருந்தது, டிபன் பாக்ஸுக்குக் கீழே! "சாம்பார் பட்டாலும் ஊறலை, நல்ல பேப்பர் சார்" என்று ஒரு பெரியவர் பாராட்டவும் செய்தார்.

லேத்தில் ஒரு கன்னடக்கார அண்ணன் இருந்தார். ஓசூர்ப் பக்கம் உங்களுக்குத் தெரியும், ஒரே மெஷினைச் சுத்தித் தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் கேட்கும். அவர் கேட்டார், "ஷிப்ட் பஸ் நேரம் மாத்திட்டாங்களே, அது இதுல இருக்கா சார்?" இல்லை. "பி.எஃப். கணக்குல என் பேரு தப்பா இருக்கு, எப்படித் திருத்தறதுன்னு இருக்கா?" அதுவும் இல்லை. "அப்புறம் என்னதான் சார் இருக்கு?"

மூன்றாவது இதழை ரெண்டே பக்கமாக்கினேன். சாதாரணத் தாள், ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் கன்னடம். ஆதாரில் ஒரு பெயரும் பி.எஃப். கணக்கில் வேறு பெயரும் இருந்தால் பணம் எடுக்கும்போது எப்படி இழுத்தடிக்கும், யார் யார் கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று விளக்கி எழுதினேன். கேன்டீனில் ஒரு பெட்டியும் வைத்தேன். முதல் மாதம் நாலு சீட்டு விழுந்தது. அதில் ஒன்று ரசம் சரியில்லை என்பது.

அடுத்த இதழில் ஒரு பஸ் நேரத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேன். ரெண்டு பேர் பஸ்ஸை விட்டு, அரை நாள் சம்பளம் போச்சு. அவர்கள் முகத்தில் முழிக்கவே எனக்குக் கூச்சம். அதற்கடுத்த இதழில் முதல் பக்கம், முதல் வரியிலேயே "தப்பு என்னுடையது" என்று அச்சடித்தேன். இத்தோடு பத்திரிகை ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த மாதம் பெட்டியில் பதினேழு சீட்டு!

பிற்பாடு இதே விஷயத்தைப் பெரிய அளவில் செய்தவர்களைப் பற்றிப் படித்தேன். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. ஜனங்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று முதலில் கேட்டார்கள். அந்தந்த ஊர்க்காரர்களே, பெரும்பாலும் பெண்கள், மையத்தை நடத்தினார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது கடலில் அலை எவ்வளவு உயரம் என்பது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் அந்தக் கணக்கு இருந்தது. அதை எடுத்துத் தமிழில் சொல்லி, கடற்கரையில் ஒலிபெருக்கி கட்டி ஒலிபரப்பினார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் போய்ச் சேர்ந்தது.

அதே ஏற்பாடு நல்லவாடு கிராமத்திலும் இருந்தது. 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பையன் ஒருவர் டி.வி.யில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். உடனே மையத்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்ட ஜனங்கள் உள்ள ஊர். வீடும் படகும் போனது, உயிர் போகவில்லை. முன்பின் தெரியாத குரல் "ஓடுங்கள்" என்றால் நின்று யோசித்திருப்பார்கள். இது தினம் கேட்டுப் பழகிய ஒலிபெருக்கி. அதனால்தான் ஓடினார்கள் என்பது என் எண்ணம்.

நம் கதைக்கு வருகிறேன். போன வருஷம் காவேரிப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் நம் கல்லூரித் தம்பி ஒருவரைப் பார்த்தேன். ஓசூரில் வேலை வாங்கித் தருகிறோம் என்று யாரோ நாற்பதாயிரம் வாங்கியிருக்கிறார்கள், ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வைத்துக்கொண்டார்கள். பணம் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தது. வேலைக்கு எடுக்கிறோம் என்று ஒரு கம்பெனிப் பெயரைக் காட்டினார்களே, அதே கம்பெனியில் நம் பழைய மாணவர்கள் ஆறு பேர் இருக்கிறோம். "உங்களை எல்லாம் எனக்கு எப்படிண்ணா தெரியும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் செயலாளர் அண்ணனிடம் சண்டை போட்டு ஒரு வரம் வாங்கியிருக்கிறேன். முதல் இதழில் நம் படம் எதுவும் வராது. வாசல் மேசையில் பெட்டி வைத்திருக்கிறோம். தம்பி தங்கைகள் என்ன வேண்டுமானாலும் கேட்டு எழுதிப் போடுங்கள், பேர் போட வேண்டாம். அப்ரெண்டிஸ் முடித்தால் நிரந்தரம் ஆவோமா, பெங்களூரில் தங்க எங்கே இடம், எதுவானாலும் சரி. மூத்தவர்கள் விசிட்டிங் கார்டு போடாதீர்கள். எந்த விஷயத்தில் உங்களால் பதில் சொல்ல முடியும், எந்த நேரம் போன் செய்யலாம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். பெட்டிக்குப் பக்கத்துத் தட்டில் எங்கள் ஊர் நிப்பட்டு இருக்கிறது. சீட்டுப் போட்டவர்களுக்கு மட்டும்!