கவசமும் காலணியும்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



போரைப் பாடாத மொழி அரிது. ஆயின், பாட்டு எந்த வீரனைப் பாடியது, எவனை விட்டுவிட்டது என்று வினவுவாரும் அரியரே. பண்டைக் கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரத் தளபதி இபிகிரேட்டிஸின் வரலாறு அவ்வினாவை எழுப்புகின்றது. அலெக்சாந்தரை அறிந்த உலகம் இவரை அவ்வளவாக அறியாது.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஸ்பார்ட்டாவின் கவிஞர் திர்த்தேயஸ், தோளோடு தோள் சேர்ந்து நிலைபெயராது நிற்கும் காலாள் வீரனைப் பாடினார். 'ஹாப்லைட்' எனப்பட்ட அவ்வீரனின் கையில் பெரிய வட்டக் கேடயம். தலையில் வெண்கலக் கவசம். அவன் கேடயம் தன்னையும் காத்தது. இடப்பக்கம் நிற்பவனின் வலப்புறத்தையும் காத்தது. அவன் ஓடினால் தோழனும் வீழ்வான். ஆதலின் நிற்றலே வீரம் என்றாயிற்று. அக்கவசங்களை வீரனே தன் பொருளால் தேடிக்கொள்ள வேண்டும். அதற்கு இயலாத ஏழை, கல்லும் எறிவேலும் ஏந்திப் படையின் ஓரத்தில் நின்றான். பாட்டிலும் அவனுக்கு ஓரமே வாய்த்தது.

இபிகிரேட்டிஸ் செருப்புத் தைப்பவரின் மைந்தர் என்பது மரபுவழிச் செய்தி. அவர் நடத்தியது 'பெல்டாஸ்ட்' என்னும் எறிவேற்படை: சிறு கேடயமும் எறிவேலும் கொண்ட கூலிப்படை.

கி.மு. 390இல் கொரிந்து நகருக்கருகே, ஏறத்தாழ 600 ஸ்பார்ட்ட வீரர்கள் லெக்கேயம் துறைமுகத்தை நோக்கித் திரும்பிக் கொண்டிருந்தனர். துணைக்குக் குதிரைப்படை இல்லை. இபிகிரேட்டிஸின் வீரர்கள் தொலைவில் நின்று வேல் எறிந்தனர். ஸ்பார்ட்டாவின் இளைஞர்கள் துரத்தினர், இவர்கள் ஓடினர். கவசச் சுமையால் களைத்து அவர்கள் திரும்பியபோது, முதுகிலும் விலாவிலும் வேல் பாய்ந்தது. மீண்டும் துரத்தல், மீண்டும் அதே முடிவு. பிந்தி வந்த குதிரைப்படையும் பயன்படவில்லை. இறுதியில் ஏதென்ஸின் ஹாப்லைட்டுகளும் நெருங்கவே, அணி குலைந்தது. மாண்டவர் சுமார் 250 பேர்.

இலகுபடை ஸ்பார்ட்டாவைப் பணியவைத்தது அதுவே முதன்முறை அன்று, கி.மு. 425இல் ஸ்பாக்டீரியாத் தீவிலும் அவ்வாறு நிகழ்ந்தது. இபிகிரேட்டிஸின் தனிச்சிறப்பு பயிற்சியில் உள்ளது. ஓடுவதையும் திரும்புவதையும் ஓர் ஒழுங்காக்கினார் அவர். புறங்காட்டுதல் இழிவு என்றிருந்த களத்தில், பின்வாங்குதல் ஒரு கலையாயிற்று. பின்னாளில் கேடயத்தைச் சிறிதாக்கி, ஈட்டியை நீட்டி, வெண்கல மார்புக் கவசத்துக்கு மாற்றாக நாரிழைத் துணிக்கவசம் அணிவித்தார் என்பர். இம்மாற்றம் எப்படைக்குரியது என்பதில் ஆய்வாளர்க்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாசிடோனியப் பிலிப்பின் நீளீட்டிப் படைக்கு இது முன்னோடி என்பாரும் உளர்.

லெக்கேயச் செய்தி எட்டியபோது ஸ்பார்ட்டப் பாசறையில் நிகழ்ந்ததை வரலாற்றாசிரியர் செனபோன் பதிவு செய்துள்ளார். படை முழுதும் துயருற்றது. ஆனால் நின்ற இடத்திலேயே மடிந்தோரின் தந்தையரும் மைந்தரும் உடன்பிறந்தோரும் மட்டும் வென்றவர்போல் முகம் மலர்ந்து திரிந்தனராம். களத்தில் தோற்றுப்போன பழைய போர்முறை, நெஞ்சில் தோற்கவில்லை! பாட்டின் வலிமை அது. அதன் பொறுப்பும் அதுவே.

உயர்குடியினன் ஒருவன் பிறப்பைச் சுட்டி இகழ்ந்தபோது, தம் குலம் தம்மோடு தொடங்குகிறது, அவன் குலமோ அவனோடு முடிகிறது என்று விடையிறுத்தாராம் இபிகிரேட்டிஸ். அரிஸ்டாட்டில் தம் சொற்கலை நூலில் அவரைப் பன்முறை எடுத்துக்காட்டுகின்றார். எனினும் திர்த்தேயஸைப் போன்றதொரு பாவலர் அவருடைய எறிவேலருக்கு வாய்க்கவில்லை. எளிதில் அணிந்து கழற்றத்தக்க போர்க்காலணி ஒன்றை அவர் அமைத்தார். அதற்கு 'இபிகிரேட்டிட்' என்று அவர் பெயரே வழங்கிற்று. செருப்புத் தைப்பவரின் மகனுடைய பெயரைப் பாட்டு சுமக்கவில்லை, காலணி சுமந்தது.

கவசம் ஒளிவீசும், கண்ணைக் கவரும். காலணியையும் குனிந்து நோக்குவது கவிஞர் கடன். பத்தாண்டு கண்ட இவ்வட்டம் அக்கடனை ஆற்றுக! வாழ்க, வளர்க!