நாயைக் குளிப்பாட்டுவது யார்?

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாயைக் குளிப்பாட்டுவது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒருங்கிணைக்கும் தோழர் சிரித்தார். சாதி ஒழிப்புப் பேசும் இடத்தில் நாய்க்கு என்ன வேலை என்று உங்களுக்கும் தோன்றலாம். என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன்.

அம்மா பதினோரு ஆண்டுகள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு வேலை செய்தார். பாத்திரம், துணி, தரை இவற்றுக்குத்தான் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டு லாப்ரடாரைக் குளிப்பாட்டுவதும் அவர் தலையில்தான் விழுந்தது. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. குளித்த நாய் நேராகப் போய் சோபாவில் படுத்துக்கொள்ளும். அதைக் குளிப்பாட்டியதில் நனைந்துபோன அம்மா, துணி காயப்போடும் பால்கனியில் நின்றபடி, தனக்கென்று குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரில் காபி குடிப்பார். நாயின் கிண்ணம் சமையலறைக்குள் இருந்தது. அம்மாவின் டம்ளர் வெளியே இருந்தது.

அவர்கள் நல்லவர்கள் என்றுதான் அம்மா இன்றைக்கும் சொல்கிறார். தீபாவளிக்குப் புடவை கொடுத்தார்கள். நாய் செத்தபோது அழுதார்கள். அன்பு இல்லாதவர்கள் அல்லர் அவர்கள். அந்த அன்பு டம்ளர் வரைக்கும் வரவில்லை என்பதுதான் நம் பிரச்சினை.

இது புதியதல்ல. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். ஆடு மாடுகள் குடிக்கலாம், தீண்டப்படாதோர் எனப்பட்ட மனிதர்கள் குடிக்கக்கூடாது என்றிருந்த குளம் அது. 1931இல் பம்பாயில் காந்தியைச் சந்தித்தபோதும், நாய் பூனையைவிடக் கீழாக நடத்தி, குடிக்கத் தண்ணீரும் மறுக்கும் நாட்டை எப்படித் தாயகம் என்று சொல்வது என்றுதான் அவர் கேட்டார்.

மநுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம், சண்டாளர்கள் ஊருக்கு வெளியே வாழ வேண்டும், நாயும் கழுதையும்தான் அவர்களின் செல்வம் என்று விதிக்கிறது. அதாவது நாயும் அன்றைக்கு நம்மோடு சேரிக்கு வெளியேற்றப்பட்ட உயிர்தான். பிறகு அது உயர்சாதிக் கூடத்துக்குள் சான்றிதழோடு நுழைந்துவிட்டது. நாயின் தீட்டு போய்விட்டது. நாயோடு சேர்த்து ஒதுக்கப்பட்ட மனிதர்களின் தீட்டு போகவில்லை.

நானும் ஒரு நாய் வளர்க்கிறேன். தெருவிலிருந்து வந்தவன், பெயர் மணி. முதல்முறை மருத்துவரிடம் கொண்டுபோனபோது அட்டையில் இனம் என்ற இடத்தில் ‘பறையா’ என்று எழுதினார்கள். ஆங்கிலேயர்கள் ஒரு மக்களின் பெயரை எடுத்துத் தெருநாய்க்கு வைத்தது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ‘நாட்டு நாய்’ என்று மாற்றி எழுதுங்கள் என்றேன். எழுதியவருக்குக் காரணம் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் மாற்றிவிட்டார்.

மணியைக் குளிப்பாட்ட நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். முதல்முறை என்னுடைய பொடுகு ஷாம்பூவையே போட்டேன். இரண்டு நாள் சொறிந்துகொண்டே இருந்தான். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் அப்படி இல்லை, நம் ஷாம்பூ அதை வறட்டிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். நாய்க்கென்று விற்கும் ஷாம்பூவே போதும். பேன், உண்ணி போகும் என்று சிலர் பினாயிலும் மண்ணெண்ணெயும் கலக்கிறார்கள். அது விஷம், நக்கினால் உள்ளே போய்விடும்.

குட்டை முடி உள்ள நாட்டு நாய்க்கு மாதம் ஒருமுறை குளியல் போதும். முதலில் சீவி உதிர்முடியை எடுத்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரைக் கழுத்திலிருந்து பின்பக்கமாக ஊற்றுங்கள். முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். காதுக்குள் தண்ணீர் போனால் புண்ணாகும். நுரை ஒரு துளியும் தங்காமல் அலசுங்கள், அரிப்புக்குப் பாதிக் காரணம் அதுதான். காது மடல், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், விரலால் நசுக்காதீர்கள். உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொல்லும். உண்ணி மருந்தை எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில்தான் போட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், நாய்க்கான சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும். நகத்துக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது. கறுப்பு நகத்தில் அது தெரியாது, நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள்.

இதையெல்லாம் செய்தபோதுதான் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் புரிந்தன. முதுகு வலிக்கும். கையில் கீறல் விழும். நாய் உடம்பை உதறினால் நம் உடம்பெல்லாம் நாற்றம். அழுக்கைக் கழுவுவது வேலை. அந்த வேலையைச் செய்பவரையே அழுக்கு என்று சொல்வது சாதி. அழுக்கு தண்ணீரில் போகும். தீட்டு தண்ணீரில் போகாது, ஏனென்றால் அது உடம்பில் இல்லை, பார்ப்பவர் மனதில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. காலையில் நாயை நடத்திக்கொண்டுபோய்த் தெருவில் விட்டுவிட்டு வருகிறோமே, அந்த மலத்தை அள்ளுவது யார்? பெரும்பாலும் நம் மக்கள்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனித மலத்தைப் பற்றித்தான் பேசுகிறது. நாயின் மலத்துக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பழைய செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.

நாய் வளர்க்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வளருங்கள், கொஞ்சுங்கள். உங்கள் நாயை நீங்களே குளிப்பாட்டுங்கள். முடியாவிட்டால், செய்பவரிடம் விருப்பம் கேளுங்கள், தனிச் சம்பளம் கொடுங்கள், உங்கள் டம்ளரிலேயே காபி கொடுங்கள், உட்காரச் சொல்லுங்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பால்கனியில் தனியாக ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஏன் என்று உங்கள் அம்மா அப்பாவிடம் கேளுங்கள். அந்தக் கேள்வி இங்கே கைதட்டுவதைவிடக் கடினமானது.

மணி இப்போது எங்கள் வீட்டில் அம்மாவின் காலடியில்தான் படுக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவனை நான்தான் குளிப்பாட்டுகிறேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, “காதுல தண்ணி போவுது பாரு” என்று அதட்டிக்கொண்டே காபி குடிக்கிறார்.

ஜெய்பீம்.