லொள்ளு சபா கலைந்த பிறகு

(மூங்கில்துறைப்பட்டில் நடைபெற்ற முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வேலைவாய்ப்பு பற்றியும், ஆய்வகத்துக்கு நிதி திரட்டுவது பற்றியும் பேசினார்கள். தேவையான பேச்சு. என்னிடம் செயலாளர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "உனக்குப் பத்து நிமிஷம். சாப்பாட்டுக்கு முன்னாடி பசங்க தூங்கிடாம பார்த்துக்க." ஆகவே பொறியியலை இன்று தொடப்போவதில்லை. ஹாஸ்டல் மெஸ்ஸில் தொடங்கி, எங்கள் பேட்ச் இன்னும் தீர்ப்பெழுதாமல் வைத்திருக்கும் ஒரு வழக்கை இந்த அவையின் முன் வைக்கிறேன். லொள்ளு சபாவிலிருந்து சினிமாவுக்குப் போனவர்களில் நல்ல படம் கொடுத்தவர் யார்? இதுதான் வழக்கு.

தம்பிகளுக்காகக் கொஞ்சம் முன்கதை. 2000-களின் நடுவில் விஜய் டிவியில் வந்த நிகழ்ச்சி லொள்ளு சபா. இயக்கியவர் ராம்பாலா. ஊரே கொண்டாடிய ஒரு படத்தை எடுத்துக்கொள்வார்கள். பெயரைக் கொஞ்சம் திரிப்பார்கள். சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா, சேஷு, மாறன் என்று ஒரு கூட்டம் அந்தப் படத்தையே திரும்ப நடித்துக் காட்டும். செலவு என்று பெரிதாக ஒன்றும் தெரியாது. செட் ஆடும், விக் நகரும். அதையும் மறைக்க மாட்டார்கள், அதுவே ஒரு ஜோக்காகிவிடும்.

நான் இந்த ஊர்ப் பையன். கரும்பு அரவை சீசனில் சர்க்கரை ஆலைக்கு லோடு ஏற்றி வந்து வரிசையில் காத்து நிற்பவர்கள், டீக்கடை டிவியில் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்ததைப் பார்த்து வளர்ந்தவன். போன மாதம்தான் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறிப் போய்க் காசு கொடுத்து அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். அதே படத்தைக் கிண்டல் செய்தால் கோபம் வர வேண்டுமே? வரவில்லை. ஹீரோ ஏன் முதலில் காலை மட்டும் காட்டுகிறார், வில்லனின் ஆட்கள் ஏன் கியூவில் நின்று ஒருவர் பின் ஒருவராக அடி வாங்குகிறார்கள், குண்டடி பட்டவர் ஏன் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் சாகிறார் என்று அவர்கள் மனசுக்குள்ளும் கேள்வி இருந்திருக்கிறது. ஒரு மிஷின் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நம் ஒர்க் ஷாப்பில் சொல்லிக் கொடுப்பார்களே, அதைத்தான் லொள்ளு சபா தமிழ் சினிமாவுக்குச் செய்தது.

இனி வழக்குக்கு வருகிறேன். கட்சிகள் மூன்று. பெயர் வேண்டாம், டிபார்ட்மெண்ட் போதும்.

எலக்ட்ரிக்கல்காரன் கட்சி, 'நண்பன்' சந்தானம். 'மன்மதன்' (2004) படத்தில் கவனிக்க வைத்தவர், இயக்குநர் எம். ராஜேஷின் 'சிவா மனசுல சக்தி' (2009), 'பாஸ் என்கிற பாஸ்கரன்' (2010), 'ஒரு கல் ஒரு கண்ணாடி' (2012) என்று மூன்று படங்களில் உச்சிக்குப் போனார். "ஹீரோ காதலிப்பான், அழுவான். பக்கத்தில் நின்று, 'டேய், இது சினிமாடா' என்று சொல்கிற ஆள் சந்தானம். லொள்ளு சபா வேலையைத்தான் படத்துக்குள்ளேயே உட்கார்ந்து செய்தார். எப்போது ஹீரோ ஆனாரோ, அப்போது கிண்டல் செய்ய ஆள் இல்லாமல் போய்விட்டது" என்பது அவன் வாதம்.

சிவில்காரன் விடமாட்டான். அவன் கட்சி, 'ஹீரோ' சந்தானம். 'வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்' (2014) படத்தைச் சொல்வான். அது ராஜமௌலியின் 'மரியாத ராமன்னா'வின் (2010) தமிழ் வடிவம். அதற்கும் மூலம் தேடிப் போனால் பஸ்டர் கீட்டன் 1923-இல் எடுத்த ஊமைப் படத்தில் போய் நிற்கும். கீட்டன் யார்? சின்ன வயதிலேயே அப்பா அம்மாவோடு மேடையில் சிரிக்க வைத்துப் பிழைத்த நாடகக்காரர். "ஒரு குழுக்காரனின் கதை தொண்ணூறு வருஷம் கழித்து இன்னொரு குழுக்காரனிடமே வந்து சேர்ந்தது பார்" என்பான். அவனுடைய பெரிய சாட்சி வேறு. சந்தானம் ஹீரோவாக நின்ற 'தில்லுக்கு துட்டு' (2016) படத்தில்தான் ராம்பாலா சினிமா இயக்குநரானார். 'ஏ1' (2019), 'பாரிஸ் ஜெயராஜ்' (2021) படங்களில் சேஷுவும் மாறனும் வந்தார்கள். "தனியாக மேலே ஏறினவன் இல்லை, ஏணியைக் கீழே இறக்கினவன்" என்று முடிப்பான். இதற்கு எலக்ட்ரிக்கலிடம் பதில் இருக்காது. சாம்பார் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான்.

மூன்றாவது, மெக்கானிக்கல்காரன். முதலில் பேசவே மாட்டான். நாங்கள் படித்தபோது அவன் கட்சிக்கு ஆளே இல்லை. காரணம், அவன் ஆளான யோகி பாபுவை 2009-இல்தான் 'யோகி' படத்தில் பார்த்தோம். பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதும் அந்தப் படம்தான். லொள்ளு சபாவில் ராம்பாலாவுக்கு உதவியாளராக இருந்து, எழுத்து வேலையில் கைகொடுத்தவர் அவர். திரைக்கு முன்னால் நின்றவர்களை ஊர் பார்த்துக்கொண்டிருந்தபோது திரைக்குப் பின்னால் இருந்தவர். படிப்பு முடிந்து பதினோரு வருஷம் கழித்து மெக்கானிக்கல் ஒரே ஒரு படத்தோடு வந்தான்: மடோன் அஸ்வின் இயக்கிய 'மண்டேலா'.

அந்தப் படம் தியேட்டருக்கு வரவில்லை. 2021 ஏப்ரல் 4 அன்று நேராக விஜய் டிவியில் ஒளிபரப்பானது. ஆமாம், லொள்ளு சபா வந்த அதே டிவி. இரண்டு நாள் கழித்து ஏப்ரல் 6-இல் தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். படத்தின் கதையும் தேர்தல்தான். இரண்டு சாதிகளாகப் பிரிந்து கிடக்கிற கிராமம். இரண்டு பக்கமும் சமமான ஓட்டு. நடுவில், யாரும் மனுஷனாகவே மதிக்காத ஒரு முடிதிருத்துபவர். அவருக்குப் புதிதாக ஓட்டுரிமை வருகிறது. அவ்வளவுதான், ஊரே அவர் பின்னால் ஓடுகிறது. 2022-இல் அறிவித்த தேசிய விருதுகளில் அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்கும் இரண்டு விருதுகள் இதற்குக் கிடைத்தன.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். 'பாஸ் என்கிற பாஸ்கரன்' படத்தில் சந்தானம் நல்லதம்பி, சலூன் வைத்திருப்பவர். 'மண்டேலா'வில் யோகி பாபுவும் முடிதிருத்துபவர். ஒரே குழுவிலிருந்து வந்த இருவர், ஒரே தொழில் செய்யும் பாத்திரம், பதினோரு வருஷ இடைவெளி. முதல் படத்தில் சலூன் ஒரு ஜாலியான இடம். நண்பன் வந்து உட்கார்ந்து கழுத்தை அறுப்பான், நாம் சிரிப்போம். இரண்டாவது படத்தில், முடிவெட்ட வருகிறவரை எந்த வாசல் வழியாக வரச் சொல்கிறார்கள் என்பதே கேள்வி. அங்கேயும் சிரிக்கிறோம். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? பெரிய மனுஷர்களைப் பார்த்து. லொள்ளு சபா செய்ததும் அதுதானே. பெரிய ஹீரோவை, பெரிய டைரக்டரை, பெரிய வசனத்தைத்தான் அது கலாய்த்தது. பிறகு சினிமாவில் இவர்கள் பேசிய பல வசனங்கள் பக்கத்தில் நிற்பவரின் நிறத்தையும் உடம்பையும் கிண்டல் செய்வதில் போய் முடிந்தன. யோகி பாபுவின் முடியை வைத்து எத்தனை ஜோக்! அவரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பழகிய நம்மை, அவரோடு சேர்ந்து சிரிக்க வைத்தது 'மண்டேலா'. மெக்கானிக்கல் சொன்னதில் எனக்கு இது வரைக்கும் சம்மதம்.

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1969 முதல் 1974 வரை பிபிசியில் 'மான்ட்டி பைத்தன்' என்று ஒரு குழு நிகழ்ச்சி நடத்தியது. மொத்தம் ஆறு பேர். குழு கலைந்த பிறகு அவரவர் எடுத்த படங்களில் எது உசத்தி என்று அங்கேயும் ரசிகர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். டெர்ரி கில்லியமின் 'பிரேசில்' (1985) என்பது ஒரு கட்சி, ஜான் கிளீஸ் எழுதி நடித்த 'எ ஃபிஷ் கால்ட் வாண்டா' (1988) இன்னொரு கட்சி. இரண்டிலும் பழைய கூட்டாளி மைக்கேல் பேலின் இருக்கிறார். 'வாண்டா'வுக்காக ஆஸ்கர் வாங்கியது கிளீஸ் இல்லை. குழுவுக்குச் சம்பந்தமே இல்லாத கெவின் கிளைன். படத்தை எழுதியவர், கைதட்டல் வாங்கும் பாத்திரத்தை அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

என் தீர்ப்புக்கான அளவுகோல் இதுதான். யார் ஹீரோ, யார் காமெடியன் என்று நான் பார்ப்பதில்லை. ஒரு குழுவில் வளர்ந்தவன், படத்துக்குப் போன பிறகும் அடுத்தவனுக்குப் பந்தைத் தள்ளுகிறானா என்று பார்க்கிறேன். 'பாஸ்' நிற்கிறது, ஏனென்றால் அங்கே ஆர்யா இல்லாமல் சந்தானம் இல்லை. 'கண்ணா லட்டு தின்ன ஆசையா' (2013) படத்தில் சந்தானமே தயாரிப்பாளர்களில் ஒருவர். ஆனாலும் அதிகச் சிரிப்பைப் பவர் ஸ்டார் சீனிவாசன் அள்ளிக்கொண்டு போக வழிவிட்டார். அதுவும் நிற்கிறது. 'ஏ1' நிற்கிறது. ஸ்லோமோஷனில் தனியாக நடந்து வருகிற படங்கள் எனக்கு நிற்கவில்லை. காரணம், அந்த நடையைத்தான் ஒரு காலத்தில் இவர்களே நமக்குப் பிரித்துக் காட்டினார்கள். பிரித்துப் பார்த்தவனை மறுபடி நம்பச் சொன்னால் எப்படி? 'மண்டேலா'வை முதலிடத்தில் வைக்கிறேன். அதில் ஊர் மொத்தமும் நடிக்கிறது, நாயகன் பாதி நேரம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். சிவில்காரன் மேல்முறையீடு செய்யலாம், சாப்பாட்டுப் பந்தியில் விசாரிக்கப்படும்.

தம்பி தங்கைகளே, ஒரு நிமிஷம் சீரியஸாகப் பேசிக்கொள்கிறேன். 2024 மார்ச்சில் சேஷு இறந்துபோனார். செய்தி எல்லாவற்றிலும் 'லொள்ளு சபா சேஷு' என்றே வந்தது. எத்தனையோ படத்தில் நடித்திருந்தாலும் கடைசிவரை அவருக்கு முகவரி அந்தக் குழுதான். மனோகருக்கும் மாறனுக்கும் இன்றைக்கும் அதுவே இனிஷியல். ஒருவர் பெயர் போஸ்டரில் பெரிதாக வருவதற்கு, குழுவின் பெயரையே தன் பெயராகச் சுமக்கிற பத்துப் பேர் தேவைப்படுகிறார்கள்.

நம் பேட்சிலும் அப்படி ஒருவன் உண்டு. நான்கு வருஷக் கல்லூரி விழாவுக்கும் ஸ்கிட் எழுதியவன் அவன். மேடைக்கு வரமாட்டான். சைடில் நின்று எல்லார் வசனத்துக்கும் சேர்த்து வாயசைப்பான். இரண்டு தடவை கோப்பை வாங்கினோம். கோப்பையோடு எடுத்த போட்டோவில் நடித்த ஏழு பேர் இருக்கிறோம், எழுதினவன் இல்லை. பழைய மலரைப் புரட்டினேன், அதிலும் 'சிறந்த நடிகர்' பெயர் மட்டும்தான் அச்சாகியிருக்கிறது. இன்றைக்கு வந்திருக்கிறான். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவான், அதனால் மைக்கில் சொல்லவில்லை.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இனி கல்லூரி விழாப் பரிசுப் பட்டியலை மலரில் வெளியிடும்போது எழுதியவர், திரை இழுத்தவர், லைட் பிடித்தவர், விக் வாங்கிவர நடையாய் நடந்தவர் எல்லார் பெயரையும் போடுங்கள். அரைப் பக்கம் கூடும், அச்சுச் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. எங்கள் நான்கு வருஷப் பட்டியலையும் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் பெயர் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

பத்து நிமிஷம் முடிந்துவிட்டது என்று செயலாளர் வாட்சைக் காட்டுகிறார்.