ஆவணத்துக்கு ஒரு தரம், தரத்துக்கு ஒரு பெயர்

தில்லியில் பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் பகதூர் ஷா ஜாபர் மார்க் சாலையில், 9ஆம் எண்ணுள்ள கட்டடத்துக்கு மானக் பவன் என்று பெயர். அதைக் கடந்து நாள்தோறும் அலுவலகம் செல்லும் தமிழர் பலர் உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரித்தவர் சிலரே. ஆயினும் அவ்வீட்டின் முத்திரை நம் எல்லோர் இல்லத்திலும் இருக்கிறது. குக்கரின்மேலும் இஸ்திரிப் பெட்டியின்மேலும் சிமெண்டு மூட்டையின்மேலும் நாம் காணும் ஐ.எஸ்.ஐ. குறியைத் தருவது இவ்விடமே. 1947இல் தோன்றிய இந்தியத் தர நிறுவனம், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியத் தர நிர்ணய அமைவனம் என்று புதிய பெயரும் புதிய அதிகாரமும் பெற்றது. பெயர் மாறியும் முத்திரையிலுள்ள மூன்று எழுத்துக்கள் மாறவில்லை. பெயர் என்பது வைப்பதற்கு எளிது, எடுப்பதற்கு அரிது என்று இவ்வமைவனத்துக்குச் சொந்த அனுபவமே உண்டு.

அங்கே 2007, 2008ஆம் ஆண்டுகளில் ஒரு குழுவின் முன் வந்த பொருள், குக்கரைப்போல் கையால் தொடக்கூடியதன்று. கணிப்பொறியில் நாம் எழுதும் கடிதம், கணக்கு, கட்டுரை முதலியவற்றை எந்த அமைப்பில் சேமித்து வைப்பது என்பதே கேள்வி. உலகத் தர அமைப்புக்களின் முன் வந்திருந்த ஒரு திட்டத்தை இந்தியா ஏற்பதா, மறுப்பதா? திட்டத்தின் பெயர் ‘ஆபீஸ் ஓப்பன் எக்ஸ்.எம்.எல்.’

இந்த அமைப்பு என்பது யாது? தில்லியில் நாம் தட்டச்சுச் செய்த கடிதம் கும்பகோணத்தில் ஒருவர் கணிப்பொறியில் திறக்கிறது என்று கொள்வோம். எழுத்து எது, தலைப்பு எது, பத்தி எங்கே முடிகிறது, எந்தச் சொல் தடித்த எழுத்து என்பனவெல்லாம் கோப்பினுள் ஏதோ ஒரு குறியீட்டு முறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அனுப்புகிற பொறியும் பெறுகிற பொறியும் அம்முறையை ஒன்றுபோல் அறிந்திருக்க வேண்டும். நெடுங்காலம் இம்முறைகள் அந்தந்த மென்பொருள் நிறுவனத்தின் தொழில் இரகசியமாகவே இருந்தன. நிறுவனம் விற்கும் மென்பொருளை வாங்கினால் கடிதம் திறக்கும். இல்லையேல் கடிதம் நம்முடையது, சாவி அவர்களுடையது. வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இந்தச் சங்கடம் இரட்டிப்பு. தமிழ்ச் சங்கத்து மலருக்கு அனுப்பிய கட்டுரை சென்னை அச்சகத்தில் வெறும் கட்டங்களாகவும் வினாக்குறிகளாகவும் திறந்ததைக் கண்டவர்கள் நம்முள் பலர்.

இந்நிலை மாறவேண்டும் என்று எழுந்த முயற்சிகள் இரண்டு. அவற்றின் பெயர் வரலாறு சுவையானது. ‘ஓப்பன் ஆபீஸ்’ என்னும் இலவச மென்பொருளின் கோப்பு முறையை அடிப்படையாகக் கொண்டு, ஓயாசிஸ் என்னும் அமைப்பு 2002இல் ஒரு குழுவை நிறுவிற்று. அக்குழுவின் முதற் பெயரில் ‘ஓப்பன் ஆபீஸ் எக்ஸ்.எம்.எல்.’ என்னும் சொற்களே இருந்தன. ஒரு மென்பொருளின் பெயரைப் பொதுத் தரத்துக்கு வைப்பது முறையன்று என்று கருதியோ என்னவோ, தரம் முற்றுப்பெறும் தறுவாயில் அவர்கள் அதைக் கைவிட்டு ‘ஓப்பன் டாக்குமென்ட் பார்மட்’, அதாவது திறந்த ஆவண அமைப்பு, என்று மாற்றிக்கொண்டனர். 2005 மே மாதத்தில் ஓயாசிஸ் அதனை ஏற்றது. 2006இல் அது 26300 என்னும் எண்ணுடன் உலகத் தரமும் ஆயிற்று.

அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் வீணாகவில்லை. 2005இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் புதிய கோப்பு முறையை அறிவித்தபோது, அதற்கிட்ட பெயர் ‘மைக்ரோசாப்ட் ஆபீஸ் ஓப்பன் எக்ஸ்.எம்.எல்.’ அம்முறை எக்மா என்னும் ஐரோப்பியத் தர அமைப்பின் கைக்குச் சென்று 2006 டிசம்பரில் தரமாக வெளிவந்தபோது, முதற்சொல் மட்டும் உதிர்ந்திருந்தது. எஞ்சியது ‘ஆபீஸ் ஓப்பன் எக்ஸ்.எம்.எல்.’ கரோல்பாகில் ஒருவர் ‘நெல்லை லாலா கடை’ என்று நெடுநாள் நடத்திவர, எதிர்ச்சாரியில் இன்னொருவர் ‘லாலா நெல்லைக் கடை’ என்று பலகை மாட்டினால் அல்வா வாங்க வருபவன் என்ன செய்வான்? உலகெங்கும் எழுந்த மறுப்புக்களுள் இதுவும் ஒன்று. கற்றறிந்தவர்களே பேச்சிலும் எழுத்திலும் இரண்டு சொற்களையும் இடம் மாற்றிக் குழம்பினர்.

மற்றொரு கூறு இதனினும் நுட்பமானது. ‘ஆபீஸ்’ என்பது பொதுச்சொல். ஆயினும் அதுவே அந்நிறுவனம் விற்கும் பொருளின் பெயருமாகும். ‘ஓப்பன்’ என்பதோ அக்காலத்தில் எல்லோரும் விரும்பிய அடைமொழி. அரசாங்கம் ஒன்று ‘திறந்த தரத்தையே வாங்குவோம்’ என்று விதி செய்யுமாயின், பெயரிலேயே திறப்பைச் சுமந்து நிற்கும் பொருளை எப்படி விலக்கும்? மறுப்பவர்கள் அஞ்சியது இதனையே. ஆதரித்தவர்கள் கூறிய விடையையும் நாம் எளிதில் தள்ளுவதற்கில்லை. உலகில் கோடிக்கணக்கான பழைய ஆவணங்கள் அந்நிறுவனத்தின் மென்பொருளில் எழுதப்பட்டவை. அவற்றின் ஒவ்வொரு வழக்கத்தையும் சிதையாமல் புதிய முறைக்குக் கொண்டுவர வேண்டுமாயின், அவ்வழக்கங்களை அறிந்து அமைத்த தரம் வேண்டும். மற்றத் தரத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள்.

பெயரைப் பற்றி இங்கே ஒரு கிளைக்கதை. இந்திய வானொலி 1936 ஜூன் மாதம் வரை ‘இந்தியன் ஸ்டேட் பிராட்காஸ்டிங் சர்வீஸ்’ என்றே அழைக்கப்பட்டது. அதன் தலைவராக வந்த லயனல் பீல்டனுக்கு அந்நெடும்பெயர் பிடிக்கவில்லை. செயலகத்தாருக்கோ மாற்றம் பிடிக்கவில்லை. தில்லியில் ஒரு விருந்தில் வைசிராய் லின்லித்கோவை அணுகி, தம் மனத்திலிருந்த பெயரை அவர் வாயாலேயே வருவித்ததாகப் பீல்டன் எழுதியிருக்கிறார். வைசிராயே சொன்ன பின் மறுப்பவர் யார்? அப்பெயரே ‘ஆல் இந்தியா ரேடியோ’. தமிழில் அதனை ‘வானொலி’ என்பதா, ‘ஆகாசவாணி’ என்பதா என்று தமிழ்நாட்டில் எழுந்த வழக்கை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மே மாதம் ஆங்கிலத்திலும் ‘ஆகாசவாணி’ என்றே சொல்லவேண்டும் என்று ஆணை பிறந்தபோது அவ்வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. பெயர் சூட்டுவோர் அவையில் தருக்கம் மட்டுமே வெல்வதில்லை.

இனி மானக் பவனுக்கு வருவோம். அந்தக் குழுவில் அரசுத் துறையினர், உயர்கல்வி நிலையத்தார், மென்பொருள் வணிகத்தார் ஆகியோர் ஒருங்கே அமர்ந்திருந்தனர். அவர்கள் ஆராயவேண்டிய ஆவணமோ ஆறாயிரம் பக்கங்களைக் கடந்தது. போட்டித் தரம் ஏறத்தாழ எழுநூறு பக்கமே. விரைவுப் பாதையில் வந்த திட்டமாதலால் வாக்களிக்கக் கிடைத்த காலம் ஐந்து மாதம். ஆறாயிரம் பக்கத்தை ஐந்து மாதத்தில் வரிவரியாகப் படித்துத் தீர்ப்புக் கூறும் குழு எந்நாட்டிலும் இருந்திருக்குமா என்பது நம் ஐயம்.

படித்தவர்கள் கண்டெடுத்தவற்றுள் இரண்டைக் கூறினால் போதும். முதலாவது நாட்காட்டி. 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டன்று. நூற்றாண்டு இறுதி 400ஆல் வகுபட்டாலன்றி பிப்ரவரிக்கு 29 நாள் இல்லை. ஆனால் லோட்டஸ் 1-2-3 என்னும் பழைய கணக்கு மென்பொருள் 1900ஐ லீப் ஆண்டாகக் கொண்டது. அதனோடு ஒத்துப்போக வேண்டி எக்செல் அப்பிழையை அப்படியே ஏற்றது. புதிய தரமும் அதனைச் சுமந்து வந்தது. நிகழாத ஒரு நாளை உலகத் தரத்தில் எழுதி வைப்பதா என்று கேட்டனர். இரண்டாவது, தரத்தினுள்ளே இருந்த சில கட்டளைகளின் பெயர்கள். ‘வேர்டு 95 செய்வதுபோல் இடைவெளி விடுக’, ‘வேர்டு 97இன் விதிப்படி வரியை மடக்குக’ என்னும் பொருளில் அவை அமைந்திருந்தன. வேர்டு 95 எவ்வாறு செய்தது என்பதை முதலில் வெளியான நூல் விளக்கவில்லை. ‘உன் பாட்டி வைத்ததுபோல் குழம்பு வை’ என்று சமையற் குறிப்பில் எழுதினால், பாட்டியின் கைப்பக்குவம் அறிந்த பேத்தி வைப்பாள். அயல்வீட்டார் என்ன செய்வர்? திறந்தது என்று வெளிப்பலகை கூறியது. உள்ளறைகளின் பெயர்களோ ஒரே வீட்டாரை மட்டும் அழைத்தன.

2007 ஆகஸ்டில் இந்தியக் குழு, குறிப்புக்களுடன் மறுப்பு என்று முடிவு செய்தது. செப்டம்பர் 2ஆம் நாள் முடிந்த உலக வாக்கெடுப்பில் திட்டம் தேறவில்லை. மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டிய இடத்தில் 32 முதன்மை உறுப்பு நாடுகளுள் 17 மட்டுமே ஆதரித்தன. திருத்தங்களை ஆராய 2008 பிப்ரவரி 25 முதல் 29 வரை ஜெனிவாவில் நாடுகள் கூடின. கூட்டத்தின் கடைசி நாள் பிப்ரவரி 29, இம்முறை உண்மையாகவே நாட்காட்டியில் உள்ள பிப்ரவரி 29. ஓராயிரத்துக்கு மேற்பட்ட திருத்தங்கள், நாட்களோ ஐந்து. மிகப் பலவற்றை விவாதிக்காமலே மொத்தமாக வாக்குக்கு விட நேர்ந்தது.

மார்ச்சு 20ஆம் நாள் தில்லிக் குழு மறுபடி கூடிற்று. மறுப்பை நிலைநிறுத்த 13 பேர், ஆதரிக்க 5 பேர், நடுநிலை ஒருவர். இந்தியாவின் விடை மாறவில்லை. ஆனால் உலகின் விடை மாறிவிட்டது: 32இல் 24 நாடுகள் ஆதரிக்கத் திட்டம் நிறைவேறிற்று. இந்தியா, தென்னாப்பிரிக்கா, பிரேசில், வெனிசூலா ஆகிய நான்கு நாடுகளும் முறையீடு செய்தன. 2008 ஆகஸ்டு 15ஆம் நாள் அம்முறையீடுகள் தள்ளப்பட்ட செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் 29500 என்னும் எண்ணுடன் தரம் அச்சேறியது. பெயர் ‘ஆபீஸ் ஓப்பன் எக்ஸ்.எம்.எல்.’ என்றே நின்றது.

தில்லி செய்தது வீண் என்று நாம் கருதவில்லை. மறுத்த நாடுகள் எழுப்பிய குறிப்புக்களால் அத்தரம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது: பழைய வழக்கங்களைத் தாங்கிய ‘இடைக்கால’ வகை ஒன்று, அவற்றை நீக்கிய ‘கண்டிப்பான’ வகை ஒன்று. 2010 நவம்பரில் மத்திய அரசு மின்னாட்சிக்கான திறந்த தரக் கொள்கையை வெளியிட்டபோது, திறந்தது என்னும் சொல்லுக்கு இலக்கணம் வகுத்தது. காப்புரிமைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறு. பெயரில் அச்சொல் இருப்பது போதாது என்றாயிற்று.

தமிழராகிய நாம் இச்செய்தியைக் கவனிப்பதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. இந்திய மொழி எழுத்துக்களுக்கான கணிப்பொறிக் குறியீட்டுத் தரம், ஐ.எஸ். 13194 என்னும் எண்ணுடன் 1991இல் இதே அமைவனத்திலிருந்துதான் வெளிவந்தது. அதற்கு முந்தைய 1988ஆம் ஆண்டு வடிவத்தைத் தழுவியே யூனிகோடு என்னும் உலகக் குறியீடு தமிழுக்கு இடம் ஒதுக்கிற்று. எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே சட்டம்; அச்சட்டத்தில் நாகரியின் எழுத்து எந்த இடத்தில் உள்ளதோ அந்த இடத்தில் தமிழின் எழுத்து. விளைவு என்ன? நாகரியில் விசர்க்கம் இருந்த இடத்தில் நம் ஆய்தம் அமர்ந்தது; பெயரும் ‘தமிழ் விசர்க்கக் குறி’ என்றே ஆங்கிலத்தில் பதிவாயிற்று. தொல்காப்பியர் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாக எண்ணிய ஆய்தத்துக்கு வடமொழி எழுத்தின் பெயர். லகரத்துக்கு ‘எல்’ ஒன்று, ளகரத்துக்கு இரண்டு. ஆகவே ழகரத்துக்கு மூன்று ‘எல்’ இட்டனர். தமிழின் பெயரிலேயே உள்ள எழுத்து உலகப் பட்டியலில் இப்படி அறியப்படுகிறது. னகரத்துக்கும் மூன்று ‘என்’ கிடைத்திருக்கின்றன.

மாற்றிவிடலாமே என்று தோன்றும். இயலாது. 1996இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலிருந்து, ஓர் எழுத்துக்கு இட்ட பெயரை ஒருபோதும் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதி. மென்பொருள்கள் பெயரைக் கொண்டே எழுத்தைத் தேடலாம் என்பது அதற்குக் கூறும் காரணம். ஆய்தத்தின் இயல்பை இன்று அவர்களும் அறிவர்: அதனை ஒட்டுக்குறியென்று வைக்காமல் தனி எழுத்தாகவே வகைப்படுத்தியுள்ளனர், பட்டியலில் பெயரின் கீழே சிறிய எழுத்தில் ‘ஆய்தம்’ என்று ஒரு குறிப்பும் உண்டு. பெரிய எழுத்தில் மட்டும் விசர்க்கம் நிற்கிறது. பெயர் சூட்டிய நாளில் அவையில் தமிழிலக்கணம் அறிந்த ஒருவர் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் காரியம் இது.

தரங்களின் வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடும் வழக்கம் மானக் பவனில் உண்டு. தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கணிப்பொறித் துறையில் பணிபுரியும் தமிழர் தொகை சிறிதன்று. அவ்வரைவுகளைப் படிப்பவர் எத்தனை பேர்?

இன்று இரவு நாம் ஒரு கடிதம் எழுதி, சேமிக்கும் வேளையில் ‘வேறு வகையாகச் சேமிக்க’ என்னும் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். புதிய ஆபீஸ் மென்பொருளாயின் திறந்த ஆவண அமைப்பும் அதில் இருக்கும். ஜெனிவாவில் பிரித்தெடுத்த ‘கண்டிப்பான’ வகையும் இருக்கும். நாம் எதையும் தொடாது பொத்தானை அழுத்தினால் சேமிப்பாவது ‘இடைக்கால’ வகை. அப்பெயர் சூட்டி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. இடைக்காலம் இன்னும் முடியவில்லை.