வேலைக்காரர்கள் போய்விடுவார்கள்



கல்வியைப் பற்றிப் பேச இம்மேடையில் பேராசிரியர்கள் இருக்கின்றார்கள். நிதியைப் பற்றிப் பேசச் செயலாளர் இருக்கின்றார். அவர் வேறெதையும் பேசுவதில்லை. எஞ்சிய பொருள் நட்பு. அது என் பங்குக்கு வந்து சேர்ந்தது.

திருக்குறளில் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் தொடர்ச்சியாக நட்பைப் பற்றியவை. நட்பின் பெருமைக்கு ஓர் அதிகாரம். பழைய நண்பர்கள் உரிமையோடு செய்யும் தொல்லைகளைப் பொறுத்துக்கொள்வதற்கு ஓர் அதிகாரம். மற்ற மூன்றும் ஆராய்ச்சியும் எச்சரிக்கையுமே! வள்ளுவருக்கும் நண்பர்கள் இருந்திருக்கின்றார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும், தீயவரை நண்பராகக் கொள்வதால் வரும் துன்பம் எளிதில் விளங்கும். நல்லவரை நண்பராகக் கொண்டும் தெருவில் நிற்க நேர்வது எப்படி என்பதுதான் விளங்காதது. அதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலிருந்தே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றேன். அவர் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளில் இது உள்ளது. அக்குறிப்புகளை 1990-இல் சிறு நூலாக வெளியிட்டதும், அவர் தோற்றுவித்த மக்கள் கல்விக் கழகம் என்னும் ஒரு கல்விச் சங்கமே.

1917-ஆம் ஆண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று திரும்பிய அம்பேத்கர், தமக்குப் படிப்புதவி அளித்த பரோடா அரசில் பணியேற்கச் செல்கின்றார். ஊரில் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரைச் சொல்லி, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் வாடகைக்குத் தங்குகின்றார். பதினோராம் நாள் காலை, கையில் தடியோடு பத்துப் பன்னிரண்டு பேர் வந்து, மாலைக்குள் காலி செய்யவேண்டும் என்கின்றனர்.

அவ்வூரில் அவருக்கு நண்பர் இருவர் இருந்தனர். ஒருவர் இந்து. நிகழ்ந்ததைக் கேட்டு அவர் வருந்தினார்; கொதித்தார். பிறகு, நீங்கள் என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்களே என்றார். மற்றவர் கிறித்தவர். மனைவி மறுநாள்தான் ஊரிலிருந்து வருகின்றாள், அவளைக் கலந்துகொள்ள வேண்டும் என்றார். இரவு ஒன்பது மணிக்குத்தான் பம்பாய் ரயில். அதுவரை அம்பேத்கர் ஒரு பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்தார்.

இதில் நான் வியப்பது ஒன்றுண்டு. அந்த முதல் நண்பரை அவர் உயர்ந்த உள்ளம் படைத்தவர் என்றே குறிக்கின்றார். அது கேலியன்று. அந்த வருத்தமும் கோபமும் உண்மையானவையே. ஆனால் உள்ளம் உயர்ந்திருந்த அளவுக்குக் கதவு அகலவில்லை! அந்த வேலைக்காரர்கள் போயிருப்பார்களா? ஒருவேளை போயிருக்கலாம். இரண்டு நாள் தம் கையால் காப்பி போட்டுக் குடிக்க நேர்ந்திருக்கும். வீட்டில் அமைதி என்பது மனிதன் பெருவிலை கொடுத்து வாங்கும் பொருள். அந்த விலையைப் பெரும்பாலும் அடுத்தவன் கணக்கில் எழுதிவிடுகின்றான்.

மற்றொரு நண்பரையும் சொல்லவேண்டும். நாவல் பாதேனா என்பவர் நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பழக்கமானவர். 1920-இல், இடையில் நின்ற படிப்பைத் தொடர அம்பேத்கர் மீண்டும் இலண்டன் செல்ல முற்பட்டபொழுது, தம் சேமிப்பும் கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகராஜ் தந்த உதவியும் போதவில்லை. பாதேனா கடன் கொடுத்தார். அவர் யார்? ஒரு பார்சி! தடியோடு வந்தவர்களும் பார்சிகள், பணத்தோடு வந்தவரும் பார்சி. ஒரு கூட்டத்தாரை மொத்தமாக எடைபோடும் தராசு நம் கையில் இருக்குமானால், இந்தக் கடனை எந்தத் தட்டில் வைப்பது? கடன் கொடுத்தவர் அன்று என்ன சொற்பொழிவு ஆற்றினார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தொகை போய்ச் சேர்ந்தது.

இனி, பரோடாவைப் பற்றிப் பேசுவது எளிது. அது தொலைவில் இருக்கின்றது. நம் சங்கத்தால் படித்து, உத்தியோகம் பெற்று, நகரத்தில் வீடு கட்டியவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கின்றீர்கள். நல்லவர்கள், ஐயமில்லை. சேரியிலிருந்து அத்தை மகன் ஒருவன் தகரப் பெட்டியோடு வாயிலில் வந்து நின்றால், நம் வேலைக்காரர்கள் யார்? பக்கத்து வீட்டுக்காரர், வாடகை வீட்டின் சொந்தக்காரர், இன்னும் நாம் யாரென்று சொல்லாமலே பழகிவரும் அலுவலக நண்பர்கள். இவர்கள் போய்விடுவார்களே என்று நமக்கும் அச்சமுண்டு. மனைவியைக் கேட்கவேண்டும் என்று சொல்லும் ஆண்மக்களின் தொகையோ இன்றும் குறையவில்லை. மற்ற எதற்கும் அவர்கள் கேட்பதில்லை என்பதைத் தாய்மார்கள் சொல்வார்கள்.

நம் விடுதிப் பிள்ளைகள் நேர்முகத் தேர்வுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் வெளியூர் செல்கின்றார்கள். இரவில் தங்க இடமின்றிப் பேருந்து நிலையத்தில் படுத்தெழுந்து, கசங்கிய சட்டையோடு தேர்வுக்குப் போகின்றார்கள். ஆகவே செயலாளரிடம் சொல்லி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கின்றேன். ஓரிரவு ஒரு பிள்ளைக்குப் பாய் போட இடமுள்ளவர்கள் பெயரும் முகவரியும் எழுதலாம். பணம் ஒன்றும் கேட்கவில்லை என்பதால் செயலாளருக்கு இதில் சிறிது வருத்தம்.

நோட்டு வாயிலருகே மேசைமீது இருக்கின்றது. வீட்டில் கேட்டுக்கொண்டு நாளை எழுதுகின்றேன் என்பவர்களுக்காக, நாளையும் அது அங்கேயே இருக்கும்.